நாகர்கோவிலிலிருந்து லண்டன்: வானத்தில் எவ்வளவு தூரம், வீட்டிலிருந்து எவ்வளவு நேரம்?

முதல்முறை வெளிநாட்டு டிக்கெட் எடுப்பவர்கள் அதில் அச்சாகியிருக்கும் இரண்டு நேரங்களையும் கழித்துப் பார்ப்பார்கள். திருவனந்தபுரத்தில் காலை 4.30க்குக் கிளம்பி துபாயில் 7.15க்கு இறங்கினால் இரண்டே முக்கால் மணி நேரம். இரவு 11.00க்குக் கிளம்பி சிங்கப்பூரில் மறுநாள் காலை 5.50க்கு இறங்கினால் ஆறு மணி ஐம்பது நிமிடம். அப்படியென்றால் சிங்கப்பூர் துபாயைப்போல் இரண்டரை மடங்கு தூரமா? கிடையாது. திருவனந்தபுரத்திலிருந்து துபாய் சுமார் 2,950 கி.மீ., சிங்கப்பூர் சுமார் 3,100 கி.மீ. இரண்டுக்கும் பறக்கும் நேரம் நாலேகால் மணியை ஒட்டித்தான் வரும். மேற்கே போகும்போது கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைக்கிறோம், கிழக்கே போகும்போது முன்னால் தள்ளுகிறோம். டிக்கெட் அந்தந்த ஊர் நேரத்தை மட்டும் காட்டுகிறது.

குமரி மாவட்டத்திலிருந்து படிக்கவோ வேலைக்கோ போகிறவர்களுக்காக, தூரத்தையும் நேரத்தையும் தாங்களே கணக்குப் போடும் முறையை இங்கே தருகிறோம். லண்டன் பயணத்தை முழு உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இதில் வரும் விமான நேரங்கள் கணக்கைக் காட்டுவதற்கானவை. உங்கள் டிக்கெட்டில் உள்ள நேரத்தை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டு முனைகளையும் முடிவு செய்யுங்கள்

ஊருக்கும் ஊருக்கும் இடையே விமானம் பறப்பதில்லை, விமான நிலையத்துக்கும் விமான நிலையத்துக்கும் இடையேதான். குமரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. நமக்குப் பக்கம் திருவனந்தபுரம்: மார்த்தாண்டத்திலிருந்து சாலை வழியாகச் சுமார் 40 கி.மீ., நாகர்கோவிலிலிருந்து சுமார் 70, கன்னியாகுமரியிலிருந்து சுமார் 90. தூத்துக்குடி வாகைக்குளத்தில் உள்நாட்டு விமானம் உண்டு. சென்னை போய் ஏறுவதாக இருந்தால் ஆரல்வாய்மொழிப் பக்கத்துக்காரர்கள் அதையும் விசாரித்துப் பார்க்கலாம். மதுரை நாகர்கோவிலிலிருந்து சுமார் 240 கி.மீ. அங்கே டிக்கெட் மலிவாகக் கிடைத்தாலும், வண்டிச் செலவையும் நாலு மணி நேரத்துக்கு மேற்பட்ட சாலைப் பயணத்தையும் சேர்த்த பிறகும் அது மலிவுதானா என்று பாருங்கள்.

மறுமுனையிலும் இதே கதைதான். லண்டன் என்று தேடினால் ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன் எல்லாம் வரும். ஹீத்ரோவிலிருந்து நகருக்குள் சுரங்க ரயிலிலேயே போய்விடலாம். ஸ்டான்ஸ்டெட்டும் லூட்டனும் நகருக்கு வெகுதூரம் வடக்கே இருக்கின்றன. ஆகவே ஊர்ப் பெயரை விட்டுவிட்டு மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள்: திருவனந்தபுரத்துக்கு டிஆர்வி, துபாய்க்கு டிஎக்ஸ்பி, ஹீத்ரோவுக்கு எல்எச்ஆர்.

தூரத்தை அளப்பது

எளிய வழி, கணினியில் கூகுள் மேப்பைத் திறந்து திருவனந்தபுரம் ஓடுதளத்தின்மேல் வலது கிளிக் செய்து, தூரத்தை அளக்கும் வசதியைத் தேர்ந்து, ஹீத்ரோவின்மேல் சொடுக்குவது. கோடு வளைந்து போகும். பயப்பட வேண்டாம், அந்த வளைவுதான் உண்மையான குறுக்கு வழி. உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்ததால் நேர்க்கோடு வளைந்து தெரிகிறது. வீட்டில் உலக உருண்டை இருந்தால் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள், அதே பாதை வரும்.

கையால் போட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஃபோனில் இருக்கும் சயின்டிஃபிக் கால்குலேட்டர் போதும். திருவனந்தபுரம் விமான நிலையம் வடக்கு 8.48, கிழக்கு 76.92 டிகிரி. துபாய் வடக்கு 25.25, கிழக்கு 55.36. தீர்க்கரேகை வித்தியாசம் 21.56.

சைன் 8.48 × சைன் 25.25 = 0.0629
காஸ் 8.48 × காஸ் 25.25 × காஸ் 21.56 = 0.8320
இரண்டையும் கூட்டினால் 0.8949
அதன் தலைகீழ் காஸ் (கால்குலேட்டரில் cos⁻¹ பொத்தான்) 26.5 டிகிரி
ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. வீதம் பெருக்கினால் சுமார் 2,947 கி.மீ.

விடை அபத்தமாக வந்தால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். கால்குலேட்டர் டிகிரியில் இல்லாமல் ரேடியனில் இருக்கும். அல்லது 8 டிகிரி 29 நிமிடம் என்பதை 8.29 என்று போட்டிருப்பீர்கள். 29ஐ 60ஆல் வகுத்தால்தான் 0.48 வரும். அல்லது மேற்குத் தீர்க்கரேகையில் இருக்கும் ஊரை மறந்திருப்பீர்கள். ஹீத்ரோ மேற்கு 0.45 டிகிரியில் இருக்கிறது. அதனால் அங்கே 76.92உடன் 0.45ஐக் கூட்ட வேண்டும், கழிக்கக் கூடாது. அப்படிப் போட்டால் திருவனந்தபுரம் - ஹீத்ரோ சுமார் 8,400 கி.மீ. வரும்.

விமானத்துக்காரர்கள் கடல் மைலில் பேசுவார்கள். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. வெளிநாட்டுத் தளங்களில் வெறுமனே மைல் என்று இருந்தால் அது பெரும்பாலும் 1.609 கி.மீ. அளவுள்ள தரை மைல். இரண்டையும் கலந்தால் லண்டன் தூரத்தில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பிசகும்.

எங்கே மாறுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது

நேர் தூரம் தெரிந்ததும் அதைச் சும்மா விட்டுவிடக் கூடாது. ஏஜென்டு காட்டும் ஒவ்வொரு வழியையும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லண்டனுக்கு நேர் தூரம் 8,400. மாறும் ஊர் வழியாகக் கூட்டினால் இப்படி வரும்:

துபாய் வழி: 2,950 + 5,500 = 8,450
மும்பை வழி: 1,260 + 7,210 = 8,470
தோஹா வழி: 3,270 + 5,240 = 8,510
டெல்லி வழி: 2,235 + 6,730 = 8,965

துபாயில் இறங்கி ஏறினால் கூடுதலாக ஐம்பது கிலோமீட்டர்தான். லண்டன் போகும் நேர்ப்பாதையிலேயே வளைகுடா இருக்கிறது. டெல்லி போனால் ஐந்நூற்றுக்கு மேல் கூடும், அதாவது சுமார் நாற்பது நிமிடம் வானத்தில் அதிகம். சிங்கப்பூர் வழியாக லண்டன் டிக்கெட்டை யாராவது காட்டினால் எவ்வளவு மலிவானாலும் யோசியுங்கள். மொத்தம் ஏறக்குறைய 14,000 கி.மீ. பறப்பீர்கள்.

டொரண்டோவுக்கு இதே பாடத்தை அப்படியே போடக் கூடாது. திருவனந்தபுரம் - டொரண்டோ நேர் தூரம் சுமார் 13,750. குறுக்கு வழி மேற்கே போகாது, வடக்கே ஏறி ஆர்க்டிக் பகுதியில் ஏறத்தாழ 70 டிகிரி அட்சரேகையைத் தொட்டு மறுபக்கம் இறங்கும். அதனால் அங்கே டெல்லிக்குத்தான் லாபம்: டெல்லி வழி சுமார் 13,870, துபாய் வழி சுமார் 14,030. சுவரில் தொங்கும் தட்டை வரைபடத்தைப் பார்த்து இதை யாரும் ஊகிக்க முடியாது.

இது கணக்குப் புத்தகத்தின் தூரம். நிஜத்தில் விமானம் வகுத்த வான்பாதைகளில் போகும், இறங்கும்முன் சுற்றும், மழைமேகத்தை ஒதுக்கும். நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து வரை கூட்டிக்கொள்வது வழக்கம். வான்வெளி மூடல் வந்தால் அது இன்னும் கூடும். 2022 பிப்ரவரிக்குப் பின் ரஷ்ய வான்வெளி பிரிட்டன், கனடா, ஐரோப்பிய ஒன்றிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய நிறுவனங்களுக்கு மூடியதால், டெல்லியிலிருந்து மேற்கே போகும் இந்திய விமானங்கள் தெற்கே வளைந்து போக நேர்ந்தது. திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா போகும் விமானம் அரபிக் கடல்மீதே போவதால் அந்த மூடல் அதை அவ்வளவாகத் தொடவில்லை. ஆகவே ஒரே இரண்டு ஊர்களுக்கு இரண்டு நிறுவனங்கள் வெவ்வேறு நேரம் காட்டினால் ஒன்று பொய் என்று அர்த்தமில்லை. பாதை வேறு.

தூரத்திலிருந்து நேரம்

வளைகுடா போகும் சிறிய விமானத்துக்கு, அதாவது நடுவில் ஒரே நடைபாதை உள்ளதற்கு, தூரத்தை 800ஆல் வகுத்து அரை மணி கூட்டுங்கள். 2,950ஐ வகுத்தால் 3.69 மணி. அரை மணி சேர்த்தால் 4.19, அதாவது 4 மணி 11 நிமிடம். இங்கே ஒரு பொறி உண்டு: 4.19 மணி என்பது 4 மணி 19 நிமிடம் அல்ல. புள்ளிக்குப் பின்னால் இருப்பதை 60ஆல் பெருக்க வேண்டும். இரண்டு நடைபாதை உள்ள பெரிய விமானத்துக்கு 850ஆல் வகுக்கலாம். துபாய் - லண்டன் 5,500 கி.மீ. அப்படிப் போட்டால் ஏழு மணி நேரம் ஒட்டி வரும்.

அந்த அரை மணி எதற்கு? டிக்கெட்டில் உள்ள நேரம் சக்கரம் நகர்வதிலிருந்து மறுமுனையில் சக்கரம் நிற்பது வரை. ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, வேகம் குறைத்து இறங்குவது, வாயிலுக்கு வந்து சேர்வது எல்லாம் அதற்குள் அடக்கம்.

காற்றையும் சேர்க்க வேண்டும். வட இந்தியா, ஈரான், ஐரோப்பா மீது உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்றோட்டம் இருக்கிறது, குளிர்காலத்தில் இன்னும் வேகமாக. அதை எதிர்த்துப் போவதால் துபாய் - லண்டனுக்கு ஏழரை மணி, சில நாள் அதற்கும் மேல் ஆகும். திரும்பும்போது ஏழு மணியில் வந்துவிடும். நம் பக்கம் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நிலைமை கொஞ்சம் மாறும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின்மேல் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே காற்று வீசுகிறது. வளைகுடா போகிறவர்களுக்கு அது முதுகில் தள்ளும். மொத்தத்தில் சில நிமிட வித்தியாசம்தான், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே கடிகாரத்துக்கு மாற்றுங்கள்

இந்த ஒரு வேலையைச் செய்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். எல்லா நேரத்தையும் இந்திய நேரமாக எழுதிக்கொள்ளுங்கள். துபாய், மஸ்கட் நேரத்தோடு ஒன்றரை மணி கூட்டினால் இந்திய நேரம். குவைத், சவூதி, கத்தார், பஹ்ரைனுக்கு இரண்டரை மணி கூட்ட வேண்டும். சிங்கப்பூர் நேரத்திலிருந்து இரண்டரை மணி கழிக்க வேண்டும்.

லண்டன் கொஞ்சம் சிக்கல். குளிர்காலத்தில் ஐந்தரை மணி, கோடையில் நாலரை மணி கூட்ட வேண்டும். மார்ச் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு பழையபடி வைப்பார்கள். டொரண்டோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். இந்தியாவும் வளைகுடா நாடுகளும் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அந்த மாற்றம் நடக்கும் வாரத்தை ஒட்டி டிக்கெட் எடுத்தவர்கள் வீட்டுக்குச் சொன்ன நேரத்தை மறுபடி சரிபாருங்கள்.

இனி உதாரணம். திருவனந்தபுரம் 4.30 புறப்பாடு, துபாய் 7.15 வருகை. 7.15ஐ இந்திய நேரமாக்கினால் 8.45. பறந்த நேரம் 4 மணி 15 நிமிடம். துபாயிலிருந்து 9.45க்குப் புறப்பாடு, அதாவது இந்திய நேரம் 11.15. குளிர்கால லண்டன் வருகை பிற்பகல் 1.15, இந்திய நேரம் மாலை 6.45. பறந்தது ஏழரை மணி. நடுவில் காத்திருப்பு இரண்டரை மணி. ஆக மொத்தம் 14 மணி 15 நிமிடம். டிக்கெட்டை அப்படியே கழித்தால் 8 மணி 45 நிமிடம் என்றுதான் காட்டும்.

போட்ட விடையைத் தூரத்தோடு ஒருமுறை உரசிப் பாருங்கள். தூரத்தைப் பறந்த நேரத்தால் வகுத்தால் மணிக்கு 650 முதல் 850 கி.மீ.க்குள் வர வேண்டும். மணிக்கு ஆயிரத்துக்கு மேல் வந்தால் நேர வித்தியாசத்தைத் தப்பாகக் கழித்திருக்கிறீர்கள்.

தேதி

திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா விமானங்கள் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே கிளம்புபவை. 15ஆம் தேதி 0.40 என்று போட்டிருந்தால், வீட்டிலிருந்து கிளம்ப வேண்டியது 14ஆம் தேதி சாயங்காலம். 15ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்றால் விமானம் ஒரு நாள் முன்பே போயிருக்கும். நேரம் கணக்குத் தெரிந்தவர்கள்கூட இதில் சறுக்குவது சகஜம். டிக்கெட் வந்த உடனே வீட்டுக் காலண்டரில் விமானத் தேதியைக் குறிக்காதீர்கள், வீட்டை விட்டு இறங்கும் தேதியையும் கிழமையையும் குறியுங்கள். வருகை நேரத்துக்குப் பக்கத்தில் +1 என்று சிறிதாக இருந்தால் மறுநாள் இறங்குகிறீர்கள் என்று பொருள்.

மாறும் இடத்தில் எவ்வளவு நேரம் வேண்டும்

முழுப் பயணமும் ஒரே பிஎன்ஆரில் இருந்தால், பெட்டி நேராக லண்டன் போகும். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. இரண்டு தனித்தனி டிக்கெட் என்றால் அந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை. துபாயில் வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டி வரலாம், அதற்கு அந்த நாட்டு விசாவும் தேவைப்படலாம். மலிவு என்று தனித்தனியாக எடுப்பதை முதல்முறைப் பயணிக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

ஒரே டிக்கெட்டில் ஒரு மணி பத்து நிமிட இடைவெளியைக்கூட விற்பார்கள். அது விதிப்படி சரி. ஆனால் பழக்கமில்லாதவருக்கு இரண்டு முதல் நாலு மணி நேரம் இருந்தால் நிம்மதி. டெர்மினலையும் பாருங்கள். துபாயில் டெர்மினல் 1, 3 ஒரு பக்கமும், டெர்மினல் 2 ஓடுதளத்துக்கு மறுபக்கமும் இருக்கின்றன. ஷார்ஜாவில் இறங்கி துபாயில் ஏறும் டிக்கெட் என்றால் நடுவே சாலைப் பயணம் உண்டு, மாலை நெரிசலில் அது எவ்வளவு இழுக்கும் என்று சொல்ல முடியாது.

வீட்டிலிருந்து விமான நிலையம்

பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். செக்-இன் கவுன்டரைப் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். ஐந்து நிமிடம் பிந்திப் போய்க் கெஞ்சிப் பயனில்லை.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாகப் போகும் சாலையில் இரவு என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் போகலாம். பகலில், அதுவும் மாலை ஐந்து முதல் எட்டு வரை, இரண்டரை மூன்று மணி ஆகும். எல்லை தாண்டியதும் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் ஊருக்குள் போகாமல் காரோட்டிலிருந்து கோவளம், திருவல்லம் வழியாகச் சாக்கை வரும் நாலுவழிப் பைபாஸைப் பிடிக்கச் சொல்லுங்கள். வாடகை வண்டி என்றால் கேரளப் பெர்மிட் எடுத்திருக்கிறார்களா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

பன்னாட்டு முனையமான டெர்மினல் 2 சாக்கைப் பக்கம். டெர்மினல் 1 சங்குமுகம் கடற்கரைப் பக்கம். நடுவில் ஓடுதளம். தவறான பக்கம் இறங்கினால் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும், பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க முடியாது. டிக்கெட்டில் எந்த டெர்மினல் என்று பார்த்து ஓட்டுநரிடம் சொல்லுங்கள். ரயிலில் வந்தால் இரணியல், குழித்துறை வழியாகத் திருவனந்தபுரம் சென்ட்ரல் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம், சில கிலோமீட்டர்தான். ஆனால் ஒற்றை ரயிலை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அது தவறினாலோ தாமதமானாலோ அடுத்த ரயிலிலும் போய்ச் சேர முடியும் என்றால் மட்டும் ரயிலைத் தேர்ந்தெடுங்கள்.

இங்கே மட்டுமே உள்ள ஒரு விசேஷம்: பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு ஊர்வலம் ஓடுதளத்தைக் கடந்துதான் சங்குமுகம் கடலுக்குப் போகும். பங்குனி, ஐப்பசித் திருவிழாக்களின் முடிவில், வருடத்துக்கு இரண்டு நாள், மாலையில் சில மணி நேரம் விமான நிலையத்தையே மூடிவிடுகிறார்கள். அந்த நாட்களில் விமான நேரங்கள் மாற்றப்படும். பழைய டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டு போகாமல் நிறுவனம் அனுப்பும் புதிய நேரத்தைப் பாருங்கள். கும்ப மாதத்து ஆற்றுக்கால் பொங்கல் அன்று நகரச் சாலைகள் அடுப்புகளால் நிறைந்துவிடும், விடியும்முன்பே போய்ச் சேருவது நல்லது. கேரளத்தில் ஹர்த்தால் (முழு அடைப்பு) அறிவித்தால் இந்தப் பக்கம் எல்லாம் வழக்கம்போல் ஓடுவதால் நமக்குத் தெரியாமலே போகும். பயணத்துக்கு முந்தின நாள் மலையாளச் செய்தியை ஒரு பார்வை பாருங்கள்.

இனி முழுக் கூட்டல்

4.30 விமானம். மூன்று மணி முன்பு என்றால் 1.30க்கு அங்கே இருக்க வேண்டும். சாலைக்கு ஒன்றே முக்கால், டயர் பஞ்சர் மாதிரியான தடங்கலுக்கு முக்கால். முந்தின இரவு 11.00 மணிக்கு நாகர்கோவிலில் கதவைப் பூட்டுகிறீர்கள். லண்டனில் சக்கரம் நிற்கும்போது இந்திய நேரம் மாலை 6.45. இமிகிரேஷன், பெட்டி எடுப்பதற்கு ஒன்றேகால் மணி, ரயில் பிடித்துத் தங்குமிடம் போக ஒரு மணி. இரவு 9.00. ஆக 22 மணி நேரம். அதில் விமானத்துக்குள் இருந்தது 11 மணி 45 நிமிடம், பாதியைக் கொஞ்சம் தாண்டும்.

இந்த 22 மணியை வைத்துத்தான் சாப்பாடு, மருந்து, தூக்கம், ஃபோன் சார்ஜ் எல்லாவற்றையும் திட்டமிட வேண்டும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள் மாறும் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைத் தாங்களே முடிவு செய்ய வேண்டாம். இந்திய நேரத்தில் எழுதிய பயண அட்டவணையை மருத்துவரிடம் காட்டி, எப்போது எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்து கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டியில் போடாதீர்கள்.

திரும்பி வரும்போது கணக்கு தலைகீழ். துபாயில் சனிக்கிழமை இரவு 9.30க்கு ஏறினால் திருவனந்தபுரத்தில் ஞாயிறு விடியற்காலை 3.05. பார்க்க ஐந்து மணி முப்பத்தைந்து நிமிடம், பறந்தது 4 மணி 5 நிமிடம். அழைக்க வரும் வண்டிக்காரரிடம் "சனிக்கிழமை ராத்திரி" என்று சொல்லாதீர்கள். ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு நாகர்கோவிலில் கிளம்பச் சொல்லுங்கள். நீங்கள் பெட்டியோடு வெளியே வரும் நேரத்துக்கு வண்டி சாக்கையில் நிற்கும்.